கையாடல்

பிறர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்ளும் குற்றம். திருட்டில் எடுக்கும் கணத்திலேயே கெட்ட எண்ணம் இருக்கும். கையாடலில் பொருள் பெரும்பாலும் குற்றமின்றியே கைக்கு வந்து, எண்ணம் பின்னால் மாறுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவில் இதை வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314ஆம் பிரிவு.

சட்டத்தின் நுட்பம் விளக்கங்களில் தெரிகிறது. சாலையில் கிடந்த ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் எடுப்பது குற்றமன்று. ஒருவர் பர்ஸைத் தவறவிடுவதைப் பார்த்து, திருப்பித் தர எண்ணி எடுத்துப் பின் மனம் மாறிச் செலவழித்தால் குற்றம். உரியவரைத் தேட நியாயமான முயற்சி செய்து, போதிய காலம் காத்திருக்க வேண்டும். தற்காலிகமாகப் பயன்படுத்துவதும் கையாடலே; 'அடுத்த வாரம் வைத்துவிடுவேன்' என்ற வாதம் நிற்காது.

முன்பு தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இப்போது குறைந்தது ஆறு மாதச் சிறையும் அபராதமும் கட்டாயம். இங்கே ஒரு முரண் உறுத்துகிறது: 5,000 ரூபாய்க்குக் குறைவாக முதல்முறை திருடியவர், பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவையோடு தப்பலாம், கையாடியவருக்கு அந்த வழி இல்லை.

இறந்தவரின் உடைமையைக் கையாடினால் மூன்றாண்டு வரை சிறை. கையாடியவர் இறந்தவரிடம் வேலை பார்த்தவரென்றால் ஏழாண்டு வரை. நம்பி ஒப்படைத்த பொருளென்றால் அது நம்பிக்கை மோசடி (பிரிவு 316): ஐந்தாண்டு வரை. அரசு ஊழியர், வங்கியாளர், முகவர் போன்றோர் செய்தால் ஆயுள் தண்டனைகூட உண்டு.