டாக்டர் கேட்கும் முதல் கேள்வி

கரியாலூருக்கு மலையேறும் பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்: "எங்க போனாலும் நிமிர்ந்துகூட பாக்காம டெஸ்ட் எழுதித் தர்றாங்க தம்பி. என்ன பண்ணுதுன்னு கேக்கறதே இல்ல." அதையொட்டித் தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். எல்லாமே கண்ணாலும் கையாலும் காதாலும் அறிபவை. ஐரோப்பாவில் 1761-ல் அவென்புருகர், நெஞ்சை விரலால் தட்டி உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று அறியும் முறையை எழுதினார். 1816-ல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1895-ல் எக்ஸ்ரே வந்தது.

கருவிகள் பெருகியதால் கேள்விக்கு வேலை போய்விட்டதா? 1975-ல் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் குழுவினர் 80 புதிய வெளிநோயாளிகளை ஆராய்ந்தார்கள். 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதமும் நோயாளி சொன்ன விவரமுமே சரியான முடிவைக் காட்டிவிட்டன. உடல் பரிசோதனை 7 பேருக்கும், லேப் சோதனைகள் 7 பேருக்கும்தான் முடிவை மாற்றின.

மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. கல்லீரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றும். பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல். வயிற்றுவலியும் வாந்தியும் நூறு நோய்க்கு வரும். ரத்தத்தில் அமிலம் கூடியிருப்பது தெரிந்தாலும் அது சர்க்கரை நோயாலும் வரலாம், சிறுநீரகக் கோளாறாலும் வரலாம். மாற்று மருந்தையும் டயாலிசிஸையும் சீக்கிரம் தொடங்கினால் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முடியும். வழியைச் சுருக்குவது ஒரே கேள்வி: "என்ன குடிச்சீங்க, எப்போ?"

சிக்கலும் அங்கேதான். சாராய ரெய்டு நடக்கிற இந்தப் பக்கத்தில் அது போலீஸ் கேட்கும் கேள்வி. டாக்டர் அதையே அதட்டிக் கேட்டால், "ஒண்ணும் குடிக்கலீங்க" என்றுதான் பதில் வரும்.

எங்கள் மென்பொருள் வேலையிலும் பிழை வந்தால் முதலில் "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்போம். திட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. எங்களுக்குப் போவது ஒரு ராத்திரித் தூக்கம். அங்கே போவது கண்ணும் உயிரும்.

பெரியவர் கேட்டதும் அதுதான். டெஸ்ட் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.