படைக்களத்தில் பிறந்த தொழிற்கல்வி

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டே நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை வரையறுக்கின்றன. வயது, நிலம், மனை, கல்வி, ஒழுக்கம் என ஒவ்வொன்றும் ஊரறிய எழுதப்பட்டது. தகுதி இன்னதென்று பலரும் அறிந்து ஏற்றால்தான் அது பயன் தரும் என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

இவ்வட்டாரத்து இளைஞர்கள் இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்கின்றனர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிகின்றனர். இவ்விரு ஏற்பாடுகளும் போரின் தேவையிலிருந்து முளைத்தவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

படையோடு இணைந்த தொழில்நுட்பம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1780-இல் உருவான மதராஸ் பயனியர் படையே பின்னாளில் மதராஸ் சாப்பர்ஸ் எனப் பெயர் பெற்றது. பாதையும் பாலமும் அமைப்பது அதன் பணி. எனினும் தொழிற்பயிற்சி நாடு முழுவதும் பரவ இரண்டாம் உலகப் போர்தான் காரணமாயிற்று. 1939-இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்தியப் படை, போர் முடியும்போது 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. லாரியைப் பழுதுபார்க்கவும் கம்பியில்லாத் தந்தியை இயக்கவும் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். 1940-இல் அரசு தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1941-இல் பெவின் திட்டத்தின்படி இந்தியத் தொழிலாளர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை டாக்டர் அம்பேத்கர் வகித்தார்.

போர் முடிந்தது. கலைக்கப்பட்ட படைகளிலிருந்து லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினர். கையில் தொழில் இருந்தது. அதை ஏற்றுக்கொள்ளும் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இக்குறையைப் போக்கவே 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைக்கப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. முன்னாள் படைவீரர்களுக்குத் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டது. பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கும் இவை உதவின. 1948-இல் அவ்வலுவலகங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஏறத்தாழ 50 தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. படைவீரருக்காகப் போட்ட பாதையில் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் நடந்தனர்.

இதில் நம் மார்க்க வரலாற்றுக்கு அந்நியமானது எதுவுமில்லை. ஹிஜ்ரி 2-இல் நடந்த பத்ர் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பதையே மீட்புத் தொகையாகச் செலுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். போரின் விளைவு மதீனாவில் பள்ளிக்கூடமாயிற்று. ஹிஜ்ரி 5-இல் அகழ் தோண்டும் பாரசீக நுட்பத்தை ஸல்மான் பாரிஸி (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, அது ஏற்கப்பட்டது. இரும்பைப் பற்றி அல்-ஹதீத் அத்தியாயம் கூறுமிடத்தும் அதன் கடும் வலிமையோடு மக்களுக்கான பயன்களும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

இன்று தாம்பரத்தில் விமானப்படையின் இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்து ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே இருப்பது ஒரு சான்றிதழின் தூரமே. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன் பின்னர் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் பணியில் நீடிப்பர். ஏனையோர் இளம் வயதிலேயே வெளியுலகில் வேலை தேட வேண்டும்.

ஆகவே பிள்ளையைப் படைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தை மட்டும் விசாரித்து நின்றுவிடலாகாது. எந்தத் தொழில் கற்பிக்கப்படும், அதற்கு எந்தச் சான்று கிடைக்கும், வெளியே அது எந்தப் படிப்புக்கு நிகராக ஏற்கப்படும் ஆகிய மூன்றையும் முதலிலேயே கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் வாழும் முன்னாள் படைவீரர், தொழிற்பயிற்சி பெற்றோர் ஆகியோரின் பெயரையும் தொழிலையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கட்டும். வேலை கேட்போரையும் ஆள் தேடுவோரையும் அது ஒன்றுசேர்க்கும். 1945-இல் ஓர் அரசு செய்ததைச் சிறிய அளவில் ஒரு ஜமாஅத்தும் செய்ய இயலும், இன்ஷா அல்லாஹ்.