கிற்றாரின் கழுத்து மூட்டு



இசைக்கருவி ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை வாசித்த கலைஞரின் வரலாற்றையே எழுதி முடிப்பர். அதனை இழைத்து ஒட்டிய தச்சனின் வரலாறோ மரத்தின் மூட்டுக்குள்ளே மறைந்து கிடக்கும். கிற்றார் என்னும் கருவியின் நீண்ட கழுத்து அதன் உடலோடு வந்து கூடும் அந்த ஓரிடத்தின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

இதனை அறிய வேண்டியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. உருக்குத் தந்தி பூட்டிய கிற்றாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 160 இறாத்தல் விசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த மனிதன் ஒருவன் இரவும் பகலும் அதிலே தொங்குவதற்கு இது ஒப்பாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல முகப்பலகை வளைகின்றது. கழுத்தின் சாய்வு மாறுகின்றது. தந்திகள் விரற்பலகையை விட்டு மேலெழுகின்றன. வாசிப்பவரின் விரல் நோகின்றது, சுருதியும் பிசகுகின்றது. சில வேளைகளிற் கழுத்தின் குதியோரத்தில் மயிரிழை போன்ற இடைவெளியும் தோன்றும். வீட்டிலுள்ளோர் பசைப் போத்தலைத் தேடத் தொடங்குவது அப்பொழுதுதான்.

இந்த இடர்ப்பாடு பழையது. 1737 ஆம் ஆண்டில் மறைந்த இத்தாலிய மேதை ஸ்திராடிவாரி தம் வயலின்களின் கழுத்தை உடலின் உட்கட்டையோடு ஆணியடித்தே பொருத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இசையரங்குகள் பெருகின. உரத்த நாதம் வேண்டப்பட்டது. ஆதலின், அவர் செய்த வயலின்களின் கழுத்துகள் கழற்றப்பட்டு, கூடுதலான சாய்வோடு துளையும் கழுந்துமாக மீண்டும் பொருத்தப்பட்டன. இன்று உலகம் வியந்து கேட்கும் ஸ்திராடிவாரி வயலின்களுட் பெரும்பாலானவை இவ்வாறு கழுத்துத் திருத்தப்பட்டவையே.

ஸ்பெயின் நாட்டுக் கிற்றார் வேறொரு வழியைக் கொண்டது. 1817 முதல் 1892 வரை வாழ்ந்த அந்தோனியோ தெ தொரெஸ் முதலிய தச்சர்கள், கழுத்தின் அடிக்கட்டையிலேயே பிளவு வெட்டி, உடலின் பக்கப்பலகைகளை அதனுட் செருகி ஒட்டினர். ஆகவே கழுத்தும் உடலும் ஒன்றாகவே பிறந்தன. அக்காலத்திற் பூட்டப்பட்டது விலங்கின் குடலிலிருந்து திரித்த நரம்பு. அதன் இழுவை உருக்குத் தந்தியினதிற் பாதியளவே ஆதலால், இந்த அமைப்புத் தாங்கி நின்றது. ஆயினும் அதனை ஒருமுறை பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

வியன்னா நகரில் யோகான் கேயோர்க் ஸ்டௌபர் என்பார் இன்னொரு வழி கண்டார். அவருடைய கிற்றார்கள் சிலவற்றிற் குதியிலுள்ள திருகாணியை மணிக்கூட்டுச் சாவி போன்றதொன்றாற் திருப்பினால் கழுத்தின் சாய்வு மாறும். அவரிடம் பணியாற்றியவர் 1796 ஆம் ஆண்டிற் சாக்சனி நாட்டின் மார்க்நொய்கிர்கன் ஊரிற் பிறந்த கிறிஸ்தியான் பிரெடரிக் மாட்டின். அவ்வூரிலே கிற்றார் செய்யும் உரிமை வயலின் தச்சருக்கா, தளபாடத் தச்சருக்கா என்று பெரும் வழக்கு நிகழ்ந்தது. மாட்டின் குடும்பத்தார் தளபாடத் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தோர். 1833 இல் அவர் நியூ யோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளிற் பென்சில்வேனியாவின் நசரேத் பகுதியிற் குடியமர்ந்தார். அவரது பட்டறையில் நிலைபெற்றது புறாவால் மூட்டு. நல்ல மேசை லாச்சியின் மூலையை உற்று நோக்கினால் அம்மூட்டை நீங்கள் காணலாம். புறாவின் வால்போல விரிந்த நாக்கொன்று அதே வடிவான குழியில் இறுகி நிற்கும். அதனை ஒட்டியது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். வச்சிரம் காய்ந்தால் மரம்போல் இறுகும். வெப்பமும் ஈரமும் படின் மீண்டும் இளகும்.

1920களில் உரத்த ஒலியை விரும்பிய அமெரிக்கர் உருக்குத் தந்திக்கு மாறினர். 1923 இல் கிப்சன் நிறுவனத்தின் தடியஸ் மக்கியூ கழுத்தினுள்ளே திருகக்கூடிய உருக்குக் கம்பியொன்றை வைக்கும் முறைக்கு உரிமைச்சான்று பெற்றார். அக்கம்பி கழுத்தின் வளைவைத் திருத்துமேயன்றி, மூட்டின் சாய்வைத் திருத்தாது. இவ்வேறுபாட்டை அறியாமற் கம்பியை முறுக்கிக் கருவியைக் கெடுத்தோர் பலர்.

மூட்டுப் பிழையை அறிவது எளிது. நேரான சட்டமொன்றை விரற்பலகையின் மெட்டுகள்மீது கிடத்திக் குதிரைவரை நீட்டுக. அதன் நுனி குதிரையின் மரத்தின் மேல்விளிம்பை வந்து தொடவேண்டும். மிகத் தாழ்ந்து மோதினால் மூட்டைப் பிரித்தே ஆகவேண்டும். வல்லார் மெட்டொன்றைக் கழற்றி, அவ்விடத்திற் சிறு துளையிட்டு, மூட்டினுள் நீராவி செலுத்துவர். வச்சிரம் இளகும், கழுத்துக் கழன்றுவரும். குதியில் அவர் சீவி எடுப்பது பல வேளைகளில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இராது. பின்னர் மெல்லிய மரச்சீவல் இட்டு இறுக்கி, மீண்டும் வச்சிரத்தால் ஒட்டுவர். நூறாண்டு கடந்த கருவியும் இவ்வாறு புத்துயிர் பெறும்.

இதனை நான் கற்றது ஒரு தவற்றினால். இளம் ஆசிரியனாக இருந்த காலத்திற் பாடசாலைக் கிற்றார் ஒன்றின் குதியில் இடைவெளி கண்டேன். இரு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் இரசாயனப் பசையை அதனுள் நிரப்பி, கயிற்றால் இறுகக் கட்டினேன். மூட்டுக் கல்லாகிவிட்டது, சாய்வோ பிழையாகவே நின்றுவிட்டது. பின்னர் அதனைப் பார்த்த முதிய தச்சர், “ஐயா, நீங்கள் ஒட்டாமல் விட்டிருந்தால் நான் ஒட்டியிருப்பேன்,” என்றார். மாணவர் எவரும் அதனை வாசிக்க இயலவில்லை.

1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம், திருகாணியாலும் மெல்லிய இடைத்தகடுகளாலும் சாய்வைத் திருத்தக்கூடிய கழுத்தை அறிமுகஞ் செய்தது. வியன்னாத் தச்சரின் சாவியும் பென்சில்வேனியாத் தச்சரின் வச்சிரமும் இதே நோக்கத்தையே கொண்டிருந்தன. தம் வேலை ஒருநாள் தளரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்வரும் ஒருவன் அதனைத் திறக்க வழியும் வைத்தார்கள். ஆதலின், உங்கள் வீட்டுக் கிற்றாரின் மூட்டு நெகிழ்ந்தால், முதலிற் தந்திகளைத் தளர்த்துங்கள். மூட்டு எவ்வகையது, எதனால் ஒட்டப்பட்டது என்று ஆராயுங்கள். மீண்டும் திறக்க இயலாத பசையை மட்டும் அதனுள் இடாதீர்கள்.