எத்தனை சோதனை போதும்? ஏரியான் 5 விட்டுச்சென்ற விடை

மென்பொருளை எவ்வளவு சோதித்தால் போதும் என்ற கேள்வி கணினியியலில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது. முழுமையான சோதனை இயலாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது. 1969ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே அன்றிப் பிழை இல்லாமையை நிறுவ இயலாது என்று வாதிட்டார். அக்கால எழுத்தொன்றில் அவர் காட்டிய சான்று வெறும் பெருக்கல் கணக்கு. 27 பிட் நீளமுள்ள இரண்டு எண்களைப் பெருக்கும் கணினிப் பகுதியை முற்றிலும் சோதிக்க ஏறத்தாழ 180 கோடி கோடிப் பெருக்கல்கள் தேவை. அன்றைய கணினியின் வேகத்தில் அதற்குப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகும்.

எல்லாவற்றையும் சோதிக்க இயலாதெனில், நம்பகத்தன்மையைப் புள்ளியியல் வழியில் அளந்து ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளலாமே என்று பின்வந்தோர் எண்ணினர். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரிக்கி பட்லரும் ஜார்ஜ் ஃபினெல்லியும் 1990களின் தொடக்கத்தில் அவ்வழியின் எல்லையைக் காட்டினர். பயணிகள் விமானத்தில் பேரழிவு விளைவிக்கும் கோளாறு நூறு கோடி மணிநேரப் பறப்பில் ஒரு முறைக்கு மேல் நேரக்கூடாது என்பது வான்பயணத் துறையின் அளவுகோல். சோதனை ஓட்டத்தால் மட்டுமே அதை மெய்ப்பிக்க முனைந்தால், ஒரு கருவியை ஏறத்தாழ 1,14,000 ஆண்டுகள் இடைவிடாது இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஆகவே எந்தச் சோதனையும் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தப்பட்டே தீரும். நிறுத்துமிடத்தைத் தீர்மானிப்பவை எண்கள் மட்டுமல்ல. 'இது நேராது' என்னும் சில நம்பிக்கைகளும்தான். அந்நம்பிக்கைகள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு மறைகின்றன என்பதற்கு ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பயணத்தைவிடத் தெளிவான ஆவணம் அரிது.

1996ஆம் ஆண்டு ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து எழுந்த அவ்வேவூர்தி, ஏறத்தாழ 40 விநாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகி வெடித்துச் சிதறியது. அதனுடன் கிளஸ்டர் திட்டத்தின் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை அளித்தது. ஏவூர்தியின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் நிலைம வழிகாட்டுக் கருவியின் மென்பொருளில், கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு 64 பிட் எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டபோது, அது அடங்காமல் வழிந்ததே அழிவின் தோற்றுவாய். மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இயங்கியதால் அதுவும் அதே காரணத்தால் ஏற்கெனவே செயலிழந்திருந்தது.

இப்பிழை எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தது அன்று. அவ்வாறு வழியக்கூடிய ஏழு மாறிகளைப் பொறியாளர்கள் முன்னரே இனங்கண்டிருந்தனர். கணினியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பின் பொருட்டு, நான்கிற்கு மட்டுமே பாதுகாப்பு அளிக்கப்பட்டது. எஞ்சிய மூன்றும் இயற்பியல் நிலையிலேயே வரம்புக்குட்பட்டவை அல்லது போதிய இடைவெளி உடையவை என்று கருதப்பட்டன. ஏரியான் 4 ஏவூர்திக்கு அக்கருத்து பொருந்தியது. ஏரியான் 5 ஏவூர்தியிலோ கிடைத்திசை வேகம் ஐந்து மடங்கு விரைவாகப் பெருகியது.

ஒட்டுமொத்த அமைப்பைச் சோதித்த பாவனை ஓட்டங்களில் அக்கருவி இடம்பெறவில்லை. அதன் வெளியீட்டைப் போலச்செய்யும் நிரலே வைக்கப்பட்டது. முந்தைய ஏவூர்தியில் பிழையின்றி இயங்கிய, தனிநிலையில் தகுதி பெற்ற கருவியை மீண்டும் சோதிப்பது மிகை என்று கருதப்பட்டது. அதன் தேவைக் குறிப்பில் புதிய ஏவூர்தியின் பாதைத் தரவுகளைச் சேர்க்க வேண்டாம் என்றும் உடன்பாடு காணப்பட்டிருந்தது. விபத்திற்குப் பின்னர், உண்மையான பாதைத் தரவுகளோடு அதே மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது அழிவு அப்படியே மீண்டும் அரங்கேறியது. ஆயிரமாயிரம் சோதனைகளுக்கு அங்கே தேவை இருக்கவில்லை. பொருத்தமான ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

அறிக்கையின் கூர்மையான அவதானிப்பு வேறொன்று. மூன்று மாறிகளைப் பாதுகாப்பின்றி விடும் முடிவு தனியொருவருடையதன்று; பல நிலைகளில் பங்காளிகள் இணைந்து எடுத்தது. ஆயினும் அதற்கான நியாயம் நிரலிலே பதிவாகவில்லை. ஆவணக் குவியலுக்குள் புதைந்து, வெளியிலிருந்து மதிப்பிடுவோரின் பார்வைக்கு எட்டாமற் போனது.

இந்திய விண்வெளி வரலாற்றிலும் இதையொத்த பாடம் உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று சந்திரயான் 2 தரையிறங்கியின் வேகம் இரண்டாம் கட்டத்தில் திட்டமிட்டதைவிட மிகுதியாகக் குறைந்தது. அதனால் அடுத்த கட்டத்தின் தொடக்க நிலை வடிவமைப்பு வரம்புக்கு வெளியே சென்றுவிட்டதாக நாடாளுமன்றத்தில் விளக்கம் அளிக்கப்பட்டது. சந்திரயான் 3 வடிவமைப்பில் எவையெவை பிழைக்கக்கூடும் என்பதே தொடக்கப் புள்ளியாயிற்று என்று இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் விளக்கினார். உணரி பழுதடைந்தால் என்ன, எந்திரம் பழுதடைந்தால் என்ன, கணிப்பு தவறினால் என்ன என்று கேள்விகள் அடுக்கப்பட்டன. 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குபரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.5 கிலோமீட்டர் அகலமும் கொண்டதாக விரிந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலவில் இறங்கியது.

இவ்விரு நிகழ்வுகளும் சோதனை எண்ணிக்கையை மட்டும் முன்வைக்கும் அறிக்கைகளின் போதாமையை உணர்த்துகின்றன. எத்தனை சோதிக்கப்பட்டன என்பதோடு, எவை சோதிக்கப்படாமல் விடப்பட்டன, எந்த நம்பிக்கையில் விடப்பட்டன, சூழல் மாறியபின் அந்நம்பிக்கை மறுபடி உரசிப் பார்க்கப்பட்டதா என்பனவும் எழுத்தில் நிற்க வேண்டும். 'போதும்' என்று சொல்வதைத் தவிர்க்க இயலாது. எதனால் போதும் என்று எழுதி வைத்தால்தான், அது பொய்க்கும் முன் வேறொருவர் மறுத்துச் சொல்ல வழி இருக்கும்.