மரத்தில் மலர்ந்த பதுமம்

நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்கினார் ஔவையார் (புறநானூறு, 87). விரைவினும் பொறுமையே உயர்ந்தது என்னும் தச்சர் அறம் அதில் பொதிந்துள்ளது. அவ்வறத்தைக் கோயில் தேர்களில் இன்றும் காணலாம். கல் அதிட்டானத்தின் பதுமம், குமுதம், கண்டம், பட்டிகை ஆகிய அலங்கார வரிகள் அங்கே மரத்தில் அமைகின்றன. வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளியால் சீராக்கி, உளியால் வளைவு திரட்டுவர்.

செட்டிநாட்டு இல்லங்களின் பர்மாத் தேக்கு நிலைகளையும் இத்தகு வரிகள் அணிசெய்தன. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அச்செல்வம் குன்றியது. நிலைகள் பலவும் பெயர்க்கப்பெற்று விலையாயின.

இன்று பொறி வளைவை விரைந்து வெட்டும். அதற்குப் பெயர் வேண்டா. பெயர் மறைந்தால், பழந்தேரைச் செப்பனிடுங்கால் தச்சர் எதைச் சொல்லி உணர்த்துவர்? உளியோடு அச்சொற்களையும் காப்பது தமிழ் கற்றோர் கடனாகும்.