நத்தையும் சாட்டையும் – தில்லிக் கேலிச்சித்திர இதழ் ஒன்றின் வரலாறு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினை எடுத்துரைக்கும்போதும் எள்ளலையே முன் நிறுத்தினார். அதற்கு உரை வரைந்த பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்தார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்டும் நகைக்க இயலாமல் நிற்பவர் நிலை யாது? நகைச்சுவையை ஆராயும் இடத்தில் அவருக்கு இடமில்லை. அவர் அழுகைக்கோ வெகுளிக்கோ உரியவராகிவிடுகின்றார். கேலிச்சித்திரங்களின் வரலாற்றை நோக்குங்கால், இம்மூன்றாமவரே நம் சிந்தனைக்கு மிகுதியும் உரியவர் என்பது புலனாகும்.

கேலிச்சித்திரம் இன்று தாளை விட்டுத் திரைக்குச் சென்றுவிட்டது. 1998-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜெரி ஹோல்கின்ஸ் எழுத, மைக் கிராகுலிக் வரைய, 'பென்னி ஆர்கேட்' என்னும் இணையச் சித்திரத் தொடர் தோன்றியது. வீடியோ விளையாட்டுகளும் அவற்றை ஆடுவோரும் அதன் பாடுபொருள். ஆட்டம் அறிந்தவர்க்கே விளங்கும் குறும்பு அதன் உயிர். சிறு வட்டத்தினர்க்கென எழுந்த அத்தொடர், 2003-இல் மருத்துவமனைக் குழந்தைகளுக்காக 'சைல்ட்ஸ் பிளே' என்னும் அறப்பணியைத் தொடங்கும் அளவிற்கும், 2004 முதல் பெருவிழாக்கள் எடுக்கும் அளவிற்கும் வளர்ந்தது. 2010-இல் வந்த ஒரு படம், விளையாட்டுகளில் வரும் வீரன் தனக்கு இட்ட எண்ணிக்கை நிறைந்ததும் எஞ்சிய அடிமைகளைக் கைவிட்டுச் செல்லும் பொருந்தாமையை எள்ளியது. அதில் ஓர் அடிமையின் துயரைக் கூற வன்புணர்வு நகைப்பொருளாக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரர் சிரித்தனர், அக்கொடுமைக்கு ஆளானோர் புண்பட்டனர். வருத்தம் தெரிவிப்பதற்கு மாறாக, எதிர்ப்பையே கேலி செய்யும் மற்றொரு படம் வந்தது. அக்கேலியைப் பொறித்த சட்டைகளும் விற்பனைக்கு வந்து, கண்டனம் முற்றிய பின்னரே திரும்பப் பெறப்பட்டன. தன் வட்டத்துள் நகையாக இருந்தது, வட்டத்தைத் தாண்டியதும் வடுவாயிற்று.

இது திரை ஈன்ற புதுச்சிக்கல் என்று கருதுவோர் உளர். தாளில் அச்சேறிய காலத்திலேயே இச்சிக்கல் நாம் வாழும் இத்தில்லி மாநகரில் எழுந்தது. அறுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தமிழர் பலரையும் தன்னுள் இழுத்துக்கொண்டு மீண்டும் எழுந்தது. அவ்வரலாற்றை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்துக் காயங்குளத்தில் 1902-இல் பிறந்த கேசவ சங்கரப் பிள்ளை, பம்பாயில் இருந்தபோதே செய்தித்தாள்களுக்குப் படம் வரைந்து பெயர் பெற்றார். 1932-இல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் கேலிச்சித்திரக்காரராகத் தில்லிக்கு வந்தார். ஆங்கில ஆட்சியின் உயர்தலைவர்களையும் விடுதலை இயக்கத் தலைவர்களையும் அவர் தூரிகை வேறுபாடின்றிச் சீண்டியது. அப்போதும் எல்லாரும் சிரித்துவிடவில்லை. ஜின்னாவைக் குறித்து அவர் தீட்டிய படமொன்றைக் கண்ட காந்தியடிகள், கலைத்திறத்தைப் பாராட்டிவிட்டு, உண்மை பிறழாமலும் பிறரைப் புண்படுத்தாமலும் நகைக்கக் கற்றாலன்றி இத்தொழிலில் உயர இயலாது என்னும் கருத்துப்பட அவருக்கு எழுதினார். எள்ளப்பட்டவர் எதிரணித் தலைவராயினும், அவர்பொருட்டு வாதாட அடிகளார் முன்வந்தமை ஈண்டு எண்ணத்தக்கது.

1946-இல் அந்நாளிதழை விட்டு விலகிய சங்கர், 1948-ஆம் ஆண்டு மே திங்களில் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் தம் சொந்த வார இதழைத் தொடங்கினார். தொடங்கிவைத்தவர் தலைமை அமைச்சர் நேரு. 'என்னையும் விட்டுவைக்காதீர்' என்னும் பொருளில் நேரு கூறிய சொல் பின்னாளில் பழமொழி போலாயிற்று. சங்கர் வரைந்த நேரு படங்களின் தொகுப்பிற்கே அது தலைப்பாக அமைந்தது. இலண்டன் 'பஞ்ச்' இதழின் வழியில் நடந்த இவ்வார இதழ் இளங்கலைஞர் பலர்க்குக் குருகுலமாகவும் விளங்கிற்று. அபு ஆபிரகாம், பின்னாளில் மலையாள நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஓ. வி. விஜயன் முதலியோர் இங்குப் பயின்றவர்களே. தமிழகத்தில் பாரதியார் தம் 'இந்தியா' இதழில் 1906 முதற்கொண்டே கருத்துப்படங்களை வெளியிட்டவர் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர்வது. அவ்வித்து தலைநகரில் ஒரு முழு இதழாகவே வளரக் கண்டது சங்கரின் காலம் எனலாம்.

பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகைக்கு நேரு தக்கதோர் எடுத்துக்காட்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அவர் அரியணையில் இருந்தவர். தம்மை எள்ளிய படத்தைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குப் பெருந்தன்மை; அதனால் அவர் இழந்தது ஒன்றுமில்லை. நூற்றாண்டுக் கணக்கில் இழிவுக்கு ஆளான மக்களிடம் அதே சிரிப்பை எதிர்பார்ப்பது வேறு.

1949 ஆகஸ்டு 28-ஆம் நாள் இதழில் சங்கர் ஒரு படம் வரைந்தார். அரசியலமைப்பு ஒரு நத்தையாக ஊர்கின்றது. அதன்மீது அமர்ந்து சாட்டை வீசுகின்றார் அம்பேத்கர். பின்னே நேருவும் சாட்டையை ஓங்கி நிற்கின்றார். சுற்றிலும் மக்கள் கூட்டம் வேடிக்கை பார்க்கின்றது. அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு 1947 ஆகஸ்டு 29-இல் அமைக்கப்பட்டது. ஈராண்டு நிறைய ஒரு நாளே குறைந்த நிலையில் வெளிவந்த படம் அது. பணி தாமதப்படுகின்றது என்னும் முணுமுணுப்பு அந்நாளில் பரவலாக இருந்தது. அதனையே சங்கர் படமாக்கினார்.

அம்முணுமுணுப்பு நியாயமானதா? நத்தைமேல் இருந்தவரின் சுமையை அறிந்தவர் நம்மவர் ஒருவர். வரைவுக் குழுவில் இடம்பெற்றிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, 1948 நவம்பரில் அவையில் பேசியபோது, குழுவினருள் ஒருவர் விலகியதும், ஒருவர் மறைந்ததும், சிலர் வேறு பணிகளில் ஈடுபட்டதும், சிலர் தில்லிக்கு வெளியே இருந்ததும் ஆகிய காரணங்களால் சுமை முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோளிலேயே விழுந்தது என்று வெளிப்படையாக எடுத்துரைத்தார். அம்பேத்கரும் 1949 நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய நிறைவுரையில் தாமதக் குற்றச்சாட்டிற்கு விடை கூறினார். அமெரிக்கா நான்கு மாதங்களில் முடித்தது உண்மையே. ஆனால் அதன் உறுப்புகள் ஏழு, நம்முடையவை 395. கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றுள் அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. இவ்வெண்களை அறிந்த பின்னர் அந்நத்தையை நோக்குவோர்க்கு, ஊர்தல் சோம்பலால் விளைந்ததன்று என்பது தெளிவாகும். படம் ஒரு நொடியில் கேட்ட வினாவிற்கு விடை கூற ஒரு பேருரை வேண்டியிருந்தது. கேலிச்சித்திரத்தின் வலிமையும் அதுவே, குறையும் அதுவே.

சங்கர்ஸ் வீக்லி இருபத்தேழு ஆண்டுகள் நடந்தது. 1975 ஜூன் திங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில வாரங்களுக்குள், 1975 ஆகஸ்டு 31-ஆம் நாள் இதழோடு சங்கர் அதனை நிறுத்திக்கொண்டார். சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க இயலாது என்னும் கருத்து அவ்விடைபெறு தலையங்கத்தில் இழையோடியது. 1957-இல் அவர் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், பகதூர் ஷா சஃபர் சாலையில் நேரு இல்லத்தில் அமைந்த பொம்மைக் காட்சியகமும் அவர் பெயரை நிலைநாட்டின. 1989-இல் சங்கர் மறைந்தார். நத்தைப் படம் பழைய இதழ்க் கட்டுகளுள் உறங்கிக் கிடந்தது.

2006-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு பதினோராம் வகுப்பிற்கு வெளியிட்ட அரசியலமைப்புப் பாடநூல் அதனைத் துயிலெழுப்பியது. படத்தைக் காட்டி மாணவரைச் சிந்திக்கத் தூண்டி, காலம் நீண்டமைக்கு ஆழ்ந்த விவாதமே காரணம் என விளக்குவது நூலாசிரியர் கருத்து. ஆறாண்டுகள் கழித்து, 2012 மே 11-ஆம் நாள், சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன் அப்பாடநூலை மக்களவையில் எடுத்துக் காட்டினார். அவை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்தார். நூலின் தலைமை ஆலோசகர்களாகிய யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சீகரும் பதவி விலகினர். மறுநாள் புனேயில் பல்சீகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. 1949-இல் சலசலப்பின்றிக் கடந்துபோன படம், 63 ஆண்டுகளுக்குப் பின் நாட்டை உலுக்கியது.

காரணம் யாது? படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறினர். 1949-இல் ஆங்கில வார இதழ் வாங்கிப் படிப்போர் வட்டம் சிறிது. 2012-இல் பாடநூலைத் திறந்து பார்த்தவருள், அம்பேத்கரால் எழுத்தறிவும் உரிமையும் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தனர். சங்கரின் பழைய வாசகர் நத்தையின்மேல் வீழும் சாட்டையைக் கண்டனர். இப்பிள்ளைகளோ, தம் தலைவருக்குப் பின்னால் ஓங்கிய சாட்டையைக் கண்டனர். சாட்டையடி யாருடைய முதுகு அறிந்ததோ, அவர் கண்ணுக்கு அது முதலில் படுதல் இயல்பே.

அவ்வலையில் நாமும் அகப்பட்டோம். அடுத்த திங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருந்த மற்றொரு படம் பேச்சுப்பொருளாயிற்று. 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் குறித்து ஆர். கே. லட்சுமண் வரைந்த அப்படம், கல்லெறியும் மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என எள்ளியது. கலைஞர் கருணாநிதி, முதலமைச்சர் ஜெயலலிதா, வைகோ எனக் கட்சி வேறுபாடின்றித் தமிழகத் தலைவர்கள் எதிர்த்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதும், மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்ததும் அப்போராட்டத்தின் பகுதிகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் கையிலும் அப்பாடநூலே இருந்தது. நத்தைப் படத்தைப் பற்றிய பூசலை 'இதற்கு இவ்வளவு சினமா?' என்று தொலைவில் நின்று நோக்கிய நம்முள் சிலர், கல்லெறியும் மாணவனைக் கண்டதும் மூன்றாமவர் இடத்தில் தாமே நிற்பதை உணர்ந்தனர்.

பாடநூற் படங்களை ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. பல படங்களை நீக்குமாறு குழு பரிந்துரைத்தது. அக்குழுவிலிருந்து மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு தமிழர். சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்து வரலாற்றறிஞர் எம். எஸ். எஸ். பாண்டியன். எம்.ஜி.ஆரின் திரைப்படிமத்தை ஆராய்ந்து நூல் எழுதியவர்; திராவிட இயக்க வரலாற்றில் தோய்ந்தவர். சாதி இழிவின் கொடுமையையும் மொழிப்போரின் நியாயத்தையும் அவருக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. அத்தகையவர் படங்களை நீக்கவேண்டா என்று தனித்து நின்றார். 2014-இல் அவர் தில்லியிலேயே மறைந்தார். கூட்டத்தோடு சேர்ந்து சினப்பது எளிது. தன் மக்கள் புண்பட்டிருக்கும் வேளையில் அவரிடமே மாறுபட்டுப் பேசுவது அரிது. அவ்வருமைக்காக அவரை நாம் போற்றுகின்றோம்.

நம் துணிபு யாது? எள்ளப்படுவோர் எல்லாரும் ஒரு நிலையினர் அல்லர். 1987-இல் ஆனந்த விகடன் அட்டைப்படத்தில் அமைச்சரையும் சட்டமன்ற உறுப்பினரையும் எள்ளியதற்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று திங்கள் சிறைத்தண்டனை விதித்தது. எழுந்த கண்டனத்தால் சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அங்குப் புண்பட்டது அதிகாரம். அதற்குச் சிறைச்சாலையே கையில் இருந்தது. அத்தகைய புண்ணுக்கு நாம் இரங்க வேண்டுவதில்லை. எளியோர் புண்படும்போது அவர் குரலுக்குச் செவிசாய்த்தல் அறம். ஆனால் செவிசாய்த்தல் வேறு, படத்தைக் கிழித்தல் வேறு. அலுவலகத்தைத் தாக்குதல் முற்றிலும் வேறு.

இன்று நத்தைப் படம் பாடநூலில் இல்லை. நீக்கியதால் அம்பேத்கருக்குப் பெருமை கூடிற்று என நாம் கருதவில்லை. அப்படத்திற்குப் பக்கத்திலேயே கிருஷ்ணமாச்சாரியின் சான்றையும், 7,635 திருத்தங்களைக் கடந்து வந்தவரின் நிறைவுரையையும் ஒருங்கே வைத்திருந்தால், அம்பேத்கரின் பெருமையை மாணவன் தானே கண்டிருப்பான். 1965-ஆம் ஆண்டுப் படத்திற்குப் பக்கத்தில் இராசேந்திரனின் பெயரும் இருந்திருந்தால், நகைத்தவரையும் நகைக்கப்பட்டவரையும் ஒரே பக்கத்தில் கண்டு அவனே தீர்ப்புக் கூறியிருப்பான்.

தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் நாளும் நூறு கேலிச்சித்திரங்களைக் கைப்பேசியில் காண்கின்றனர். சிலவற்றைத் தாமே வரையவும் செய்கின்றனர். சிரிக்காதீர்கள் என்று அவர்களைத் தடுப்பது நம் வேலையன்று. நகைக்கு முதலிடம் தந்த மரபு நம்முடையது. சிரித்து முடித்ததும், 'இப்படத்தைக் கண்டு சிரிக்க இயலாதவர் யார்?' என்று ஒருமுறை வினவிப் பார்க்க அவர்களைப் பழக்குவோமாக. அவ்வினாவைக் கேட்கும் வழக்கம் சங்கரின் வாசகர்க்கு 1949-இல் இருந்திருக்குமாயின், 2012-இன் புண் பாதியேனும் ஆறியிருக்கும்.