மாநில எல்லையோடு மாறும் துப்பாக்கிச் சட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பினால் பாதுகாக்கப்பட்ட உரிமை என்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். அங்கு துப்பாக்கிச் சூட்டுச் சம்பவமொன்று இடம்பெறும் போதெல்லாம் இந்த உரிமை பற்றிய விவாதம் எமது பத்திரிகைகளிலும் எதிரொலிப்பதுண்டு. ஆனால், அவ்வுரிமையைக் கொண்ட ஒருவர் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தமது வீட்டு வாசலைத் தாண்டியதும் எந்தச் சட்டத்தினுள் காலடி வைக்கிறார் என்பது அங்குள்ள துப்பாக்கி உரிமையாளர்கள் பலருக்கே தெளிவற்ற விடயமாக இருந்து வருகின்றது. பொதுமக்களின் கைகளில் சுமார் 39 கோடியே 30 இலட்சம் துப்பாக்கிகள் இருப்பதாக 2017 ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்ட நாடு அது. சனத்தொகையையும் விஞ்சிய இத்தொகைத் துப்பாக்கிகளை வெளியில் எடுத்துச் செல்வதற்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் என்று எதுவும் கிடையாது.

எமது நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பருத்தித்துறைக்கும் தெய்வேந்திரமுனைக்கும் ஒன்றே. ஆதலால், ஒரு பாலத்தைக் கடந்ததும் குற்றமற்றவர் குற்றவாளியாகும் நிலைமையை நாம் கற்பனை செய்வது சற்றுச் சிரமமானதே. அமெரிக்காவில் 50 மாநிலங்களும் தலைநகரும் தத்தமது சட்டங்களைத் தாமே இயற்றிக்கொள்கின்றன. அவற்றின் மேல் சமஷ்டிச் சட்டம் தனியாக நிற்கின்றது. ஒன்றில் அனுமதிக்கப்பட்டது மற்றொன்றிலும் அனுமதிக்கப்பட்டதாகும் என்று கருதியே பலரும் சிக்கலில் மாட்டிக்கொள்கின்றனர்.

அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791 இல் நடைமுறைக்கு வந்ததாயினும், அது தனிமனிதரின் உரிமையா அன்றி மாநிலக் குடிப்படையினரின் உரிமையா என்ற கேள்விக்கு அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டு வரை திட்டவட்டமான விடையை அளிக்கவில்லை. அவ்வாண்டில், கைத்துப்பாக்கிகளுக்குத் தலைநகர் வாஷிங்டனில் இருந்து வந்த தடை தொடர்பான வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமையே என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளிக்கப்பட்டது. இத்தீர்ப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்பது 2010 இல் சிக்காகோ நகர் தொடர்பான வழக்கில் உறுதியாயிற்று. இவ்விரண்டும் வீட்டினுள்ளே நின்றுகொண்டன. வீதிக்கு வந்த வழக்கு 2022 ஜூன் 23 ஆம் திகதி தீர்க்கப்பட்ட நியூயோர்க் வழக்காகும். மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதியைக் கோருபவர் தமக்கு அதற்கான விசேட தேவை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என நியூயோர்க் சட்டம் கோரியது. அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டாலன்றி அனுமதி கிடையாது. இந்த நிபந்தனையை ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. கலிபோர்னியா, ஹவாய், மேரிலாண்ட், மசாசூசெட்ஸ், நியூஜேர்சி ஆகிய மாநிலங்களில் இருந்த இதையொத்த நிபந்தனைகளும் அத்துடன் ஆட்டங்கண்டன.

இத்தீர்ப்பின் பின்னர் நாடெங்கும் ஒரே நடைமுறை ஏற்பட்டிருக்கும் என நினைப்பது தவறு. இன்று மாநிலங்கள் இரு பெரும் பிரிவுகளாக நிற்கின்றன. தகைமை உடையவருக்கு அனுமதிப்பத்திரத்தை வழங்கியே ஆக வேண்டும், ஆனால் அது இன்றி எடுத்துச் செல்ல முடியாது என்பவை ஒரு பிரிவு. அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்பவை மறு பிரிவு. வெர்மண்ட் மாநிலம் அனுமதிப்பத்திரத்தை ஒருபோதும் கோரியதில்லை. அலாஸ்கா 2003 இலும் அரிஸோனா 2010 இலும் அந்த வழியைப் பின்பற்றின. டெக்ஸாஸ் 2021 இலும், ஒஹாயோவும் ஜோர்ஜியாவும் 2022 இலும், புளோரிடா 2023 இலும், தென் கரோலினாவும் லூசியானாவும் 2024 இலும் இணைந்துகொண்டதோடு அத்தொகை 29 ஆயிற்று. இரு தசாப்தங்களுக்கு முன்னர் விதிவிலக்காக இருந்தது பெரும்பான்மை வழமையாகிவிட்டது எனலாம்.

அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பதைச் சட்டமே இல்லை என்று பொருள் கொள்வோர் அங்கு ஏராளம். ஜோர்ஜியாவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அங்கு 'ஆயுதம் எடுத்துச் செல்லும் உரிமப் பத்திரம்' எனப்படுவதை வழங்குவது பொலிஸ் திணைக்களம் அன்று. மரண சாதனங்களையும் விவாகப் பதிவுகளையும் கவனிக்கும் கவுண்டி நீதிமன்றமே அதனை ஐந்து வருடங்களுக்கு வழங்குகின்றது. ஆயுதம் என்ற சொல்லினுள் கைத்துப்பாக்கியுடன் 12 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய கத்தியும் அடங்கும். 2022 ஏப்ரலில் ஆளுநர் கையொப்பமிட்ட சட்டத்தின் படி, பத்திரத்தைப் பெறும் தகைமை உடைய ஒருவர் பத்திரம் இல்லாமலேயே ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம். இங்கு 'தகைமை உடைய' என்ற சொற்களிலேயே சட்டத்தின் கனம் முழுவதும் தங்கியிருக்கின்றது. முன்னர் விண்ணப்பத்தைப் பரிசீலித்த நீதிமன்றம் ஒருவரது பழைய தண்டனையைக் கண்டறிந்து மறுப்புத் தெரிவித்திருக்கும். இப்போது அந்தப் பரிசீலனையை அவர் தாமே செய்துகொள்ள வேண்டும். அவர் பிழையாகக் கணித்தால் அதை அவருக்கு முதலில் அறிவிப்பவர் கைது செய்யும் பொலிஸ் உத்தியோகத்தராகவே இருப்பார். அதே ஜோர்ஜியாவில், வாக்களிப்பு நிலையத்திலிருந்து 150 அடிக்குள்ளும் சிறைச்சாலையிலும் ஆயுதத்துடன் நுழைய முடியாது. வணக்கத்தலம் ஒன்றுக்குக் கொண்டு செல்வதாயின் அதன் நிருவாகத்தினர் இணங்கியிருத்தல் அவசியம்.

மறு முனையில் நியூயோர்க் நிற்கின்றது. அங்கு வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். 2022 தீர்ப்பு வெளியான சில நாட்களிலேயே சட்டசபை கூடிப் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. 16 மணித்தியால வகுப்பும் 2 மணித்தியாலச் சுடும் பயிற்சியும் கட்டாயமாயின. பூங்காக்கள், அரங்குகள், மதுபானம் பரிமாறும் இடங்கள், பொதுப் போக்குவரத்து, டைம்ஸ் சதுக்கம் என நீண்ட பட்டியலொன்று 'உணர்திறன் மிக்க இடங்கள்' ஆக்கப்பட்டது. அனுமதியைக் கொடுக்காமல் விட முடியாத போது, அதனைப் பயன்படுத்தும் இடங்களைக் குறைத்துவிடும் தந்திரம் இது என எதிர்ப்பாளர்கள் வாதிடுகின்றனர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும், சனநெரிசல் மிக்க நகரொன்று தனது புகையிரதப் பெட்டிகளினுள் துப்பாக்கிகளை விரும்பாமையை விளங்கிக்கொள்வதும் கடினமன்று. நியூயோர்க் மாநிலத்தின் ஏனைய கவுண்டிகளில் வழங்கப்பட்ட பத்திரம் நியூயோர்க் நகருக்குள் பொதுவாகச் செல்லுபடியாகாது என்பதும் நகரப் பொலிஸ் ஆணையாளரின் தனி அங்கீகாரம் தேவை என்பதும் கவனிக்கத்தக்கன. அதாவது, மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு எல்லை.

துப்பாக்கி உரிமையாளருக்கு மிகப் பெரும் ஆபத்து மாநில எல்லைகளிலேயே காத்திருக்கின்றது. சாரதி அனுமதிப்பத்திரமும் விவாகப் பதிவும் நாடெங்கும் ஏற்கப்படுவதால் துப்பாக்கிப் பத்திரமும் அவ்வாறே ஏற்கப்படும் என எண்ணுவது இயல்பு. உண்மையில், எந்த மாநிலத்தின் பத்திரத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானிக்கின்றது. கலிபோர்னியா, நியூயோர்க், நியூஜேர்சி, இல்லினோய்ஸ் ஆகியன பிற மாநிலப் பத்திரம் எதனையும் எடுத்துச் செல்வதற்கான அனுமதியாக ஏற்பதில்லை. மிச்சிகனும் கொலராடோவும் பத்திரத்தை வழங்கிய மாநிலத்திலேயே அதனை வைத்திருப்பவர் வசித்தால் மாத்திரம் ஏற்கின்றன.

2013 ஒக்டோபரில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதன் பாரதூரத்தைக் காட்டும். பிலடெல்பியாவைச் சேர்ந்த, இரு பிள்ளைகளின் தாயான இளம் பெண்ணொருவர் பென்சில்வேனியா மாநிலப் பத்திரத்துடன் நியூஜேர்சிக்கு வாகனத்தில் சென்றார். சாதாரண போக்குவரத்து மீறலுக்காக வாகனம் நிறுத்தப்பட்ட போது, தம்மிடம் துப்பாக்கியும் பத்திரமும் இருப்பதாகத் தாமாகவே உத்தியோகத்தரிடம் கூறினார். அந்த நேர்மையே அவரது கைதுக்குக் காரணமாயிற்று. குற்றவாளியாகக் காணப்பட்டிருப்பின் குறைந்தது மூன்றரை வருடச் சிறைவாசத்தை அவர் அனுபவித்திருப்பார். பொதுமக்களின் எதிர்ப்பை அடுத்து அவ்வழக்கு மாற்றுத் திட்டமொன்றுக்கு அனுப்பப்பட்டது. இத்தகைய பிற மாநிலத்தவரை எவ்வாறு கையாள்வது என வழக்குத் தொடுநர்களுக்கு 2014 இல் புதிய வழிகாட்டல் விடுக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். பத்திரிகைகளின் கண்ணில் படாத வழக்குகள் எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பயணிகளைப் பாதுகாப்பதற்கென 1986 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை எடுத்துச் செல்லச் சட்டப்படி உரித்துடைய ஒருவர், இடையில் உள்ள மாநிலங்களின் ஊடாக அதனைக் கொண்டு செல்லலாம். துப்பாக்கியில் ரவை ஏற்றப்பட்டிருக்கக் கூடாது. துப்பாக்கியோ ரவைகளோ ஆசனத்திலிருந்து கைக்கெட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது. பின்புறம் தனியான பொதிப் பகுதி இல்லாத வாகனமாயின் பூட்டப்பட்ட பெட்டியில் வைக்க வேண்டும். முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள சிறு பேழையைப் பூட்டினாலும் அது போதாது. இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 2005 இல் உட்டா மாநிலத்தவர் ஒருவர் கண்டுகொண்டார். நியூஆர்க் விமான நிலையத்தில் தொடர் பயணம் தவறிப் போக, அவர் தமது பொதியைப் பெற்றுக்கொண்டு விடுதியில் ஓரிரவைக் கழித்தார். மறுநாள் காலை துப்பாக்கி இருப்பதை விமான நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்த போது கைதாகிச் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும், அவர் தொடுத்த நட்ட ஈட்டு வழக்கை 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. விடுதியில் தங்கிய இரவில் துப்பாக்கி அவரது கைக்கெட்டும் இடத்தில் இருந்ததே அதற்குக் காரணம். விமானம் தவறியது அவரது பிழையன்று என்பதை நீதிமன்றமும் உணர்ந்திருந்தது. ஆனால், சட்டத்தின் சொற்கள் அதற்கு இடமளிக்கவில்லை.

எடுத்துச் செல்லப்படும் பொருளும் எல்லையில் பரிசோதிக்கப்படக் கூடும். பத்துக்கு மேற்பட்ட ரவைகளைக் கொள்ளும் ரவைக்கூட்டை நியூயோர்க்கும் நியூஜேர்சியும் தடை செய்துள்ளன. வேறு மாநிலங்களில் கடைகளில் சாதாரணமாக விற்கப்படும் கைத்துப்பாக்கிகள் பலவற்றின் ரவைக்கூடுகள் அதனிலும் பெரியவை.

எந்த மாநிலத்தில் நின்றாலும் சமஷ்டிச் சட்டம் விலக்கிய இடங்கள் விலக்கப்பட்டவையே. தபாலகமும் அதன் வாகனத் தரிப்பிடமும் அவற்றுள் அடங்கும். தேசியப் பூங்காக்களின் நிலப்பரப்பில் 2010 முதல் அவ்வம் மாநிலச் சட்டம் செல்லுபடியாகின்றது. ஆனால் அங்குள்ள சமஷ்டி அரச கட்டடங்களுக்குள் துப்பாக்கியைக் கொண்டு செல்ல முடியாது. பாடசாலையைச் சுற்றி 1,000 அடி வரையான பொது இடங்களுக்கும் தடை உண்டு. அப்பாடசாலை அமைந்துள்ள மாநிலமே வழங்கிய பத்திரத்தை உடையவருக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகின்றது. அனுமதிப்பத்திரம் தேவையற்ற மாநிலங்களிலும் விடயமறிந்தோர் பத்திரத்தைப் பெற்று வைத்திருப்பதற்கு இதுவே பெரிய காரணமாகும். விமானப் பயணத்தில் ரவை நீக்கிய துப்பாக்கியைப் பூட்டப்பட்ட கடினப் பெட்டியில் இட்டு, விமான நிறுவனத்திடம் அறிவித்து, பொதிகளோடு அனுப்பலாம். ஆயினும், 2023 இல் மாத்திரம் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பயணிகளின் கைப்பைகளிலும் உடலிலும் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுள் 93 சதவீதமானவற்றில் ரவை ஏற்றப்பட்டிருந்தது. மறந்துவிட்டோம் என்பதே பெரும்பாலும் கூறப்படும் காரணம். ரவை ஏற்றிய துப்பாக்கியை மறந்துவிடக் கூடியவர் அதனை எடுத்துச் செல்லத் தகுதியானவரா என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தனியார் கட்டடங்களின் அறிவித்தல் பலகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட வலுவுடையன. டெக்ஸாஸில் குறித்த வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல உயர எழுத்துகளில் எழுதி வைத்தால் அதனை மீறுவது குற்றமாகும். வேறு சில மாநிலங்களில் பலகையை மீறுவது மட்டும் குற்றமன்று, வெளியேறும்படி கேட்டும் வெளியேறாது நிற்பதே குற்றம்.

பொலிஸார் வாகனத்தை நிறுத்தும் கணமே யாவற்றிலும் ஆபத்தானது. மிச்சிகன், அலாஸ்கா முதலான மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை உடனடியாகத் தெரிவிப்பது கடமை. மின்னசோட்டாவில் கேட்கப்பட்டால் மாத்திரமே கூற வேண்டும். அந்த மின்னசோட்டாவில், 2016 ஜூலையில், பத்திரம் பெற்றிருந்த 32 வயதான கறுப்பின பாடசாலை உணவகப் பணியாளர் ஒருவர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அமைதியாகத் தாமே கூறிய சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட உத்தியோகத்தரை 2017 இல் ஜூரிகள் விடுதலை செய்தனர். சட்டத்தை அறிந்திருப்பது ஒருவரை நீதிமன்றத்தில் காப்பாற்றலாம். வீதியோரத்தில் அவரது நிறமும் உத்தியோகத்தரின் அச்சமும் சட்டத்தை முந்திக்கொள்கின்றன என்ற குற்றச்சாட்டை அந்நாடு இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு மாநிலத்தின் பத்திரத்தை ஏனைய மாநிலங்களும் ஏற்கச் செய்யும் சட்டமூலம் 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய போதிலும் செனட் சபையைத் தாண்டவில்லை. 2025 இல் அது மீண்டும் சபைக்கு வந்தது. மாநில உரிமைகளைப் பற்றி வழக்கமாகப் பேசும் குடியரசுக் கட்சியினர் இவ்விடயத்தில் மத்தியின் கையைப் பலப்படுத்துவதும், ஜனநாயகக் கட்சியினர் மாநில உரிமையை முன்வைப்பதும் சுவாரஸ்யமான இடமாற்றமாகும். நீதிமன்றங்களும் ஓய்ந்திருக்கவில்லை. குடும்ப வன்முறைக்கான பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்குவது செல்லுபடியாகும் என உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. வெளித்தெரியும்படி துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கு புளோரிடாவில் நீண்டகாலம் நிலவிய தடையை 2025 செப்டெம்பரில் அம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று செல்லுபடியற்றதாக்கியது. கடந்த வருடம் வாசித்த கையேட்டை நம்பி இவ்வருடம் பயணம் புறப்படுவது உசிதமன்று.

அமெரிக்காவில் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் தங்கியிருக்கும் எம்மவர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். மாணவர் வீசாவிலோ தற்காலிகத் தொழில் வீசாவிலோ இருப்பவர், சில விலக்குகள் தவிர, சமஷ்டிச் சட்டத்தின் கீழ் துப்பாக்கியையோ ரவையையோ தம் வசம் வைத்திருக்க முடியாது. அவர் வசிக்கும் மாநிலத்தில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பது அவருக்கு உதவாது. நண்பர்களுடன் சுடும் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று ஒரு மணித்தியாலத்துக்கு வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இத்தடைக்குள் அடங்கும். 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர் இதற்கான உச்சத் தண்டனை 15 வருடச் சிறையாகும். நாடு கடத்தப்படுவது அதற்கும் புறம்பானது. வழமையாகப் பயன்படுத்தப்படும் விலக்கு, ஏதாவதொரு மாநிலம் வழங்கிய செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரமாகும். அது காலாவதியாகும் தினத்தில் விலக்கும் காலாவதியாகிவிடும்.